நெருக்கடிக் காலத்தில் முடிசூட்டு விழா: பிரிட்டன் அடுத்த முறை எந்த வழியில் செல்ல வேண்டும்?

2023 மே 6 அன்று லண்டனின் வெஸ்ட்மின்ஸ்டர் அபே தேவாலயத்தில் மூன்றாம் சார்லஸ் முடிசூடியபோது, பிரிட்டனில் உணவுப் பொருள்களின் விலை ஓராண்டுக்குள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு உயர்ந்திருந்தது. அதற்கு முந்தைய அக்டோபரில் பணவீக்கம் 11.1 விழுக்காட்டைத் தொட்டிருந்தது. செவிலியர்களும் ஆசிரியர்களும் ரயில் ஊழியர்களும் ஊதிய உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்துகொண்டிருந்தார்கள். உணவு வங்கிகளை நடத்தும் ட்ரசல் டிரஸ்ட் அமைப்பு, 2022–23 நிதியாண்டில் மட்டும் கிட்டத்தட்ட 30 லட்சம் அவசர உணவுப் பொட்டலங்களைக் கொடுத்திருந்தது. அந்த நேரத்தில் நடந்த விழாவுக்கு எவ்வளவு செலவாகும் என்று கேட்டவர்களுக்கு அரசு முன்கூட்டியே ஒரு தொகையைச் சொல்ல மறுத்துவிட்டது. விழா முடிந்து ஒன்றரை ஆண்டு கழித்து, 2024 நவம்பரில் வெளியான அரசுத் துறையின் ஆண்டுக் கணக்கிலிருந்துதான் 7 கோடியே 20 லட்சம் பவுண்டு செலவானது தெரியவந்தது. இதில் சுமார் 5 கோடி பவுண்டு விழாவுக்கும், மீதி காவல் ஏற்பாட்டுக்கும் போயிருந்தது.

இந்த விவாதம் இத்துடன் முடிந்துவிடவில்லை. இன்றைய சட்டப்படி பட்டத்து இளவரசர் வில்லியம் ஒருநாள் அரியணை ஏறுவார். அப்போதும் இதே கேள்வி எழும். முன்னுதாரணங்களைப் பார்த்தால் நாட்டின் முன்னால் நான்கு வழிகள் இருக்கின்றன. அரசுச் செலவில் முழு ஆடம்பரத்துடன் விழாவை நடத்தலாம். சடங்கை வைத்துக்கொண்டு, செலவை அரச குடும்பத்தின் சொந்தப் பணத்தில் ஏற்கச் சொல்லலாம். மற்ற ஐரோப்பிய முடியாட்சிகளைப் போல நாடாளுமன்றத்தின் முன் உறுதிமொழி ஏற்பதோடு நிறுத்திக்கொள்ளலாம். முடியாட்சியையே கைவிடலாம். இவற்றுள் எது மலிவு என்று மட்டும் பார்த்தால் சரியான விடை கிடைக்காது என்பது என் கருத்து. யாரைக் கேட்டு முடிவெடுத்தார்கள், யார் பணம் கொடுத்தார்கள், எப்போது கணக்குக் காட்டினார்கள், வேண்டாம் என்று சொன்னவர்களுக்கு என்ன நேர்ந்தது என்னும் கேள்விகளையும் சேர்த்தே எடைபோட வேண்டும்.

முதல் வழிக்கு ஆதரவான வாதங்களை அலட்சியப்படுத்த முடியாது. 7 கோடியே 20 லட்சம் பவுண்டு என்பது ஏறத்தாழ 6 கோடியே 80 லட்சம் மக்கள் வாழும் நாட்டில் தலைக்கு ஒரு பவுண்டுக்குச் சற்று அதிகம். அதை மிச்சப்படுத்தியிருந்தால் உணவு வங்கிகளின் முன் நின்ற வரிசை கரைந்திருக்கும் என்று சொல்வது நேர்மையான கணக்காகாது. துன்பமான காலத்தில்தான் மக்களுக்கு ஒன்றுகூடும் தருணம் தேவைப்படுகிறது என்ற வாதமும் உண்டு. இதற்கு வலுவான சான்றாக 1953 ஜூன் 2 அன்று நடந்த இரண்டாம் எலிசபெத்தின் முடிசூட்டைக் காட்டுகிறார்கள். போர் முடிந்து எட்டு ஆண்டு ஆகியும் அப்போது பிரிட்டனில் சர்க்கரைக்கும் இறைச்சிக்கும் ரேஷன் நீடித்தது. அபேக்குள் 8,000 பேருக்கு மேல் அமர்ந்திருந்தார்கள். நாடெங்கும் சுமார் 2 கோடிப் பேர் தொலைக்காட்சியில் பார்த்தார்கள். அந்த விழாவை வீண் செலவு என்று நினைத்தவர்கள் அன்று சிறுபான்மையினரே.

ஆனால் 1953-இன் வறுமைக்கும் 2023-இன் வறுமைக்கும் ஒரு முக்கியமான வேறுபாடு உண்டு. ரேஷன் என்பது எல்லோருக்கும் ஒரே அட்டை, ஒரே அளவு என்ற ஏற்பாடு. 1947-இல் எலிசபெத்தின் திருமண உடைக்கே துணி கூப்பன்கள் தேவைப்பட்டன. இரக்கப்பட்டுத் தங்கள் கூப்பன்களை அனுப்பிய பெண்களுக்கு, கூப்பனைக் கைமாற்றுவது சட்டவிரோதம் என்பதால், அவை திருப்பி அனுப்பப்பட்டன. முடிசூட்டை ஒட்டி அரசு வீட்டுக்கு வீடு ஆளுக்கு ஒரு பவுண்டு எடை சர்க்கரையைக் கூடுதலாகக் கொடுத்தது. கேக் செய்யும் அளவுக்குச் சர்க்கரை கிடைத்ததே குடும்பங்களுக்கு ஒரு கொண்டாட்டமாக இருந்தது. தட்டுப்பாட்டை எல்லோரும் பகிர்ந்துகொண்ட காலத்தில் விழாவையும் பகிர்ந்துகொள்ள முடிந்தது. 2023-இல் மின்கட்டணத்துக்கு அஞ்சி அறையைச் சூடேற்றாமல் இருந்தவர்களுக்கும், தங்கத் தேரில் அரண்மனை திரும்பியவர்களுக்கும் பொதுவான அட்டை எதுவும் கிடையாது. விழாவுக்குச் சில வாரங்களுக்கு முன் யூகவ் நிறுவனம் எடுத்த கருத்துக்கணிப்பில் 51 விழுக்காட்டினர் அரசுப் பணத்தில் முடிசூட்டு நடக்கக் கூடாது என்றார்கள். ஆதரித்தவர்கள் 32 விழுக்காட்டினர்தான். அதே காலத்தில் முடியாட்சி தொடரட்டும் என்றவர்கள் பாதிக்கும் மேல் இருந்தார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். அரசர் வேண்டும், ஆனால் அந்தச் செலவுச் சீட்டு எங்களுக்கு வேண்டாம் என்று ஒரு பெரும் பகுதி மக்கள் தெளிவாகவே சொன்னார்கள்.

அரண்மனை இதை உணராமல் இல்லை. விருந்தினர் எண்ணிக்கை சுமார் 2,200 ஆகக் குறைந்தது. 1953-இல் மூன்று மணி நேரத்தை நெருங்கிய சடங்கு இரண்டு மணி நேரமாகச் சுருங்கியது. ஊர்வலப் பாதை வெகுவாகக் குறுகியது. பழைய அங்கிகள் எடுத்து உடுத்தப்பட்டன. அரசி கமில்லாவுக்குப் புதிய மகுடம் செய்யாமல் அரசி மேரியின் பழைய மகுடத்தையே கோகினூர் இல்லாமல் திருத்தி அணிவித்தார்கள். இவை நல்லெண்ணத்தோடு செய்யப்பட்ட குறைப்புகள் என்றே நினைக்கிறேன். ஆயினும் தொகையைச் சொல்லாமல் குறைக்கும்போது, குறைத்ததை யாரும் நம்புவதில்லை. வரவு பற்றிய வாதமும் எதிர்பார்த்த அளவு நிற்கவில்லை. சுற்றுலாவும் மதுக்கூட வணிகமும் பெருகும் என்றார்கள்; ஆனால் கூடுதல் விடுமுறை வந்த அந்த மே மாதத்தில் நாட்டின் உற்பத்தி 0.1 விழுக்காடு குறைந்தது என்றும், விடுமுறையும் அதற்கு ஒரு காரணம் என்றும் தேசியப் புள்ளியியல் அலுவலகம் கூறியது.

பணத்தைவிட என்னை அதிகம் வருத்துவது அன்று காலையில் டிரஃபால்கர் சதுக்கத்தருகே நடந்ததுதான். ‘ரிபப்ளிக்’ என்னும் முடியாட்சி எதிர்ப்பு அமைப்பின் தலைவர் கிரஹாம் ஸ்மித் உள்ளிட்ட ஆறு பேர், ‘என் அரசர் அல்லர்’ என்று எழுதிய அட்டைகளை வாகனத்திலிருந்து இறக்கிக்கொண்டிருந்தபோது கைது செய்யப்பட்டார்கள். அட்டைகளைக் கட்டியிருந்த வார்ப்பட்டைகள், தங்களை எதனோடாவது பூட்டிக்கொள்ளும் கருவிகளாக இருக்கலாம் என்பது காவல்துறை சொன்ன காரணம். அதற்கு இடமளித்த பொது ஒழுங்குச் சட்டம் நடைமுறைக்கு வந்து சில நாள்களே ஆகியிருந்தன. பல மணி நேரம் அடைத்துவைத்த பிறகு அவர்களைப் பிணையில் விடுவித்து, பின்னர் வழக்கு எதுவும் இல்லையென்று சொல்லி லண்டன் காவல்துறை வருத்தம் தெரிவித்தது. அதே நாளில் லிவர்பூலின் ஆன்ஃபீல்டு மைதானத்தில் தேசிய கீதம் ஒலித்தபோது ரசிகர்கள் கூச்சலிட்டு எதிர்த்தார்கள்; உணவு வங்கிகளுக்காகப் போட்டி நாள்களில் பொருள் திரட்டும் ரசிகர்கள் உள்ள ஊர் அது. ஒரு விழா எல்லோருடையதும் என்று சொல்லிக்கொள்ள வேண்டுமானால், அதை விரும்பாதவர்களும் அட்டை பிடித்து நிற்க அங்கே இடம் இருக்க வேண்டும். அரசரை அவதூறு செய்ததாகச் சொல்லி ஒவ்வொரு குற்றத்துக்கும் பதினைந்து ஆண்டு வரை சிறைத் தண்டனை விதிக்கும் 112-ஆம் பிரிவைக் கொண்ட தாய்லாந்தை நோக்கி, பிரிட்டன் ஓரடிகூட எடுத்துவைக்கக் கூடாது.

எவரையும் கேட்காமல் நடத்தும் அரச விழா எதுவரை போகும் என்பதைத் தமிழ்நாடு தன் சொந்த நினைவிலேயே வைத்திருக்கிறது. 1877 ஜனவரி 1 அன்று வைஸ்ராய் லிட்டன் டெல்லியில் பெரும் தர்பார் கூட்டி விக்டோரியாவை இந்தியப் பேரரசியாக அறிவித்தார். 1876-இல் பருவமழை பொய்த்து, சென்னை மாகாணம் தாது வருடப் பஞ்சத்தில் மடிந்துகொண்டிருந்த மாதங்கள் அவை. சிற்றரசர்களும் அதிகாரிகளும் நாள்கணக்கில் விருந்துண்ட அந்த இடத்திலேயே பஞ்ச நிவாரணச் செலவை எப்படிக் கட்டுப்படுத்துவது என்றும் பேசினார்கள். அங்கிருந்து சென்னைக்கு அனுப்பப்பட்ட ரிச்சர்டு டெம்பிள் என்ற ஆங்கிலேய அதிகாரி, நிவாரண வேலை செய்யும் வளர்ந்த ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு, அதாவது சுமார் 450 கிராம், தானியத்துக்கு ஈடான கூலியும் சில்லறைக் காசும் போதும் என்று குறைத்தார். மாகாணத்தின் சுகாதார ஆணையர் கார்னிஷ் அதை வெளிப்படையாக எதிர்த்தார். இன்றைய பிரிட்டனை அந்தக் கொடுமையோடு சமமாக வைப்பது தவறு. ஆயினும், செங்கற்பட்டிலோ சேலத்திலோ பசியில் கிடந்தவருக்கு அந்தத் தர்பாரைக் கேள்வி கேட்க வாக்கும் இல்லை, மன்றமும் இல்லை. இன்றைய பிரிட்டன் குடிமக்களுக்கு இரண்டும் இருக்கின்றன. இருந்தும் முடிசூட்டுச் செலவு குறித்து அவர்களுடைய நாடாளுமன்றம் தனியாக ஒரு வாக்கெடுப்பை நடத்தவில்லை.

நம் ஊர்களில் கோயில் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி போடும் வழக்கத்தை இங்கே நினைத்துப் பார்க்கலாம். ஊர்க்கூட்டம் கூடி, தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று பேசி முடித்து, விழா முடிந்ததும் வரவு செலவை எல்லோர் முன்னும் வாசிப்பார்கள். மழை இல்லாத ஆண்டில் விழாவைத் தள்ளிவைப்பதும் உண்டு. சாமிக்கே அந்த ஒழுங்கு பொருந்துமென்றால் அரசருக்கும் பொருந்தும்.

இரண்டாவது வழி, சடங்கின் செலவை அரச குடும்பமே ஏற்பது. இதைப் பொறாமையால் எழுந்த யோசனை என்று தள்ளிவிட முடியாது. அரச குடும்பத்துக்குள்ளிருந்தே இது வந்திருக்கிறது. ஜப்பானில் 2019-இல் பேரரசர் நருஹிதோ பதவியேற்பதற்கு முன், அவருடைய தம்பி அகிஷினோ, சமயத் தன்மை கொண்ட தைஜோசாய் சடங்கை அரசுப் பணத்தில் நடத்தாமல் குடும்பத்தின் சொந்தப் பணத்துக்கு ஏற்பச் சிறிதாக நடத்த வேண்டும் என்று 2018 நவம்பரில் வெளிப்படையாகவே சொன்னார். அரசு அதைக் கேட்காமல் 200 கோடி யென்னுக்கு மேல் செலவிட்டது. பிரிட்டனில் இந்த வழி நடைமுறைக்கு எளிதானது. லங்காஸ்டர் கோமகம் என்னும் நிலவுடைமையிலிருந்து மட்டும் அரசருக்கு 2023–24 நிதியாண்டில் 2 கோடியே 50 லட்சம் பவுண்டுக்கு மேல் வந்தது. தாயிடமிருந்து வந்த தனிச் சொத்துக்கு, 1993-இல் செய்த ஏற்பாட்டின்படி, மற்றவர்கள் செலுத்தும் 40 விழுக்காடு வாரிசுரிமை வரியும் கிடையாது. அந்த 1993 ஏற்பாடே பொதுமக்களின் கோபத்தால் வந்தது. 1992 நவம்பரில் வின்ட்சர் கோட்டை தீப்பிடித்தபோது, பழுதுபார்க்கும் செலவை அரசே ஏற்கும் என்று அறிவித்ததும் எதிர்ப்பு வெடித்தது. அதன் பின்னரே எலிசபெத் வருமான வரி செலுத்த ஒப்புக்கொண்டார், கோட்டைச் செலவுக்காக பக்கிங்ஹாம் அரண்மனையும் கட்டணத்துடன் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. கேட்டால் கிடைக்கும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

இந்த வழியிலும் ஒரு சிக்கல் உண்டு. சொந்தப் பணத்தில் நடக்கும் விழா சொந்த விழாவாகிவிடும். அரசுத் தலைவர் பொறுப்பேற்கும் நிகழ்ச்சி ஒரு செல்வந்தக் குடும்பத்தின் கையால் நடப்பது, அந்தப் பதவி மக்களுடையது என்னும் கருத்துக்கே முரணானது. காவல் செலவு எப்படியும் அரசின் தலையில்தான் விழும். ஆகவே இதை முழுத் தீர்வாக ஏற்க எனக்கு மனம் வரவில்லை. சமயச் சடங்குக்கு மட்டும் பொருத்தமான ஏற்பாடாகவே பார்க்கிறேன்.

மூன்றாவது வழியில்தான் ஐரோப்பாவின் மற்ற முடியாட்சிகள் ஏறக்குறைய அனைத்தும் செல்கின்றன. சுவீடனில் கடைசி முடிசூட்டு நடந்தது 1873-இல். டென்மார்க்கில் 2024 ஜனவரி 14 அன்று பத்தாம் ஃபிரெடெரிக் அரசரானதை கிறிஸ்டியான்ஸ்போர்க் அரண்மனை மாடத்திலிருந்து பிரதமர் அறிவித்தார். மகுடம் எதுவும் இல்லை. நெதர்லாந்தில் மகுடம் மேசைமேல் இருக்கும், அரசர் தலையில் ஏறாது. அங்கேயும்கூட எளிமை மட்டுமே கோபத்தைத் தணித்துவிடாது என்பதற்கு 1980 ஏப்ரல் 30 சாட்சி. வீட்டுப் பற்றாக்குறை கடுமையாக இருந்த ஆம்ஸ்டர்டாமில் ‘வீடில்லையேல் முடிசூட்டில்லை’ என்ற முழக்கத்தோடு இளைஞர்கள் தெருவில் இறங்க, பெயாட்ரிக்ஸ் பொறுப்பேற்ற அதே நாளில் நகரம் கலவரக் காடானது.

இந்த வழியை நெருக்கடிக் காலத்துக்கென்றே வடித்துக் காட்டியது ஸ்பெயின். 2012-இல் நாடு வேலையின்மையில் தவித்தபோது, அரசர் வான் கார்லோஸ் போட்ஸ்வானாவில் யானை வேட்டைக்குப் போயிருந்த செய்தி வெளியாகி, அவர் மக்களிடம் மன்னிப்புக் கேட்க வேண்டி வந்தது. 2014-இல் அவர் பதவி துறந்தபோது நாட்டில் நான்கில் ஒருவருக்கு வேலை இல்லை. ஜூன் 19 அன்று ஆறாம் ஃபெலிப்பே நாடாளுமன்றத்தில் அரசியல் சட்டத்தின் மீது உறுதிமொழி எடுத்தார். மகுடமும் செங்கோலும் அருகில் வெறுமனே வைக்கப்பட்டிருந்தன. வெளிநாட்டு மன்னர்களை அழைக்கவில்லை, திருப்பலி நடத்தவில்லை, ஆடம்பர விருந்து கொடுக்கவில்லை. அடுத்த ஆண்டு தம் ஊதியத்தில் 20 விழுக்காட்டையும் அவர் குறைத்துக்கொண்டார். அன்றும் மாட்ரிட்டில் குடியரசு வேண்டும் என்ற குரல்கள் இருந்தன, இன்றும் இருக்கின்றன. ஆனால் வேலையில்லாத ஒருவர் அந்த நிகழ்ச்சியைத் தொலைக்காட்சியில் பார்த்திருந்தால், தம்மை இழிவுபடுத்திய காட்சி என்று எதையும் சுட்டியிருக்க முடியாது. நெருக்கடிக் காலத்தில் ஒரு சடங்கிடம் எதிர்பார்க்க வேண்டிய முதல் தகுதி இது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

பிரிட்டன் மற்ற நாடுகளைப் போலல்ல, ஆயிரம் ஆண்டு மரபை வெட்ட முடியாது என்பார்கள். அந்த மரபை ஏற்கெனவே வெட்டியவர்கள் பிரிட்டன் அரசர்களேதான். நான்காம் ஜார்ஜ் 1821-இல் சுமார் 2,40,000 பவுண்டு செலவில் முடிசூடினார். அதில் பெரும் பகுதி பிரான்சிடமிருந்து பெற்ற போர் இழப்பீட்டுப் பணம். பத்தே ஆண்டில், வாக்குரிமையை விரிவாக்கும் சீர்திருத்த மசோதாவுக்காக நாடு கொந்தளித்த 1831-இல், அவருடைய தம்பி நான்காம் வில்லியம் முடிசூட்டே வேண்டாம் என்று பார்த்து, முடியாமல்போகவே ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவான செலவில் அதை முடித்துக்கொண்டார். அரைக் காசு முடிசூட்டு என்று ஏளனம் எழுந்தது. ஆனால் அவர் கைவிட்ட வெஸ்ட்மின்ஸ்டர் மண்டப விருந்து அதன் பிறகு திரும்பவே இல்லை. அதற்காக இன்று எவரும் ஏங்குவதும் இல்லை.

சட்டமும் பெரிய தடையாக இல்லை. சார்லஸ் அரசரானது 2022 செப்டம்பர் 8 அன்று, தாய் இறந்த நொடியில், முடிசூட்டினால் அல்ல. எட்டாம் எட்வர்டு 1936-இல் முடிசூடாமலே ஆண்டு, பதவி துறந்தும் போனார். ஸ்காட்லாந்துத் திருச்சபையைக் காப்பதாக சார்லஸ் செய்ய வேண்டிய சட்டபூர்வமான சத்தியத்தை, செப்டம்பர் 10 அன்று செயின்ட் ஜேம்ஸ் அரண்மனையில் கூடிய அவையிலேயே செய்து கையெழுத்திட்டுவிட்டார். ஒரு சத்தியத்தை ஒரு மேசையின் முன் எடுக்க முடியுமானால், மற்றதையும் எடுக்க முடியும்.

நான்காவது வழியான குடியரசைக் குறித்து அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அது தவறென்பதால் அல்ல, அது வேறு கேள்வி என்பதால். முடியாட்சிக்கு ஆண்டுக்கு 51 கோடி பவுண்டு செலவாகிறது என்று ரிபப்ளிக் அமைப்பு 2024-இல் கணக்கிட்டது. அரண்மனை காட்டிய அரசு மானியம் 8 கோடியே 63 லட்சம் பவுண்டு. பாதுகாப்பையும் கோமகங்களின் வருவாயையும் சேர்ப்பதா, விடுவதா என்பதில்தான் இரண்டுக்கும் இத்தனை தூரம். பெரிய எண்ணையே எடுத்துக்கொண்டாலும் பிரிட்டன் அரசின் மொத்தச் செலவில் அது ஆயிரத்தில் ஒரு பங்குகூட வராது. குடியரசுத் தலைவருக்கும் மாளிகையும் காவலும் வேண்டும். பிரான்சின் எலிசே மாளிகை ஆண்டுக்கு 10 கோடி யூரோவுக்கு மேல் செலவிடுகிறது. ஆகவே மிச்சம் பிடிப்பதற்காகக் குடியரசு கேட்பவர்கள், தங்கள் கோரிக்கைக்குள்ள மேலான காரணத்தை, பிறப்பால் எவரும் தலைவராகக் கூடாது என்பதை, தாங்களே சிறுமைப்படுத்துகிறார்கள். 2021 நவம்பர் 30 அன்று குடியரசான பார்படோஸ் அந்த உயர்ந்த காரணத்தைச் சொல்லித்தான் மாறியது. மறுபுறம், 1999-இல் ஆஸ்திரேலியாவில் குடியரசுக்கு ஆதரவு இருந்தும், தலைவரை யார் தேர்ந்தெடுப்பது என்பதில் ஆதரவாளர்களே பிளவுபட்டு வாக்கெடுப்பில் தோற்றார்கள். விலைவாசிக் கோபத்தின் சூட்டில் முடிவெடுத்தால், தலைவரைத் தேர்ந்தெடுக்கும் முறையைப் பேசி முடிக்க நேரமிருக்காது.

இந்த இரு கேள்விகளையும் முறையாகப் பிரித்துக் கையாண்ட நாடு நார்வே. 1905-இல் சுவீடனிடமிருந்து பிரிந்த அந்நாடு டேனிஷ் இளவரசர் கார்லை அழைத்தபோது, மக்களைக் கேட்காமல் வரமாட்டேன் என்று அவரே சொன்னார். வாக்கெடுப்பில் ஏறத்தாழ 79 விழுக்காட்டினர் ஆதரித்த பிறகே அவர் ஏழாம் ஹாகோன் ஆனார். 1906-இல் ட்ரோண்ட்ஹைமில் முடிசூடினார். அந்தச் சடங்கு காலத்துக்கு ஒவ்வாதது என்று பலரும் கருதியதால், 1908-இல் நாடாளுமன்றம் அரசியல் சட்டத்திலிருந்தே அந்தப் பிரிவை நீக்கியது. பின்வந்த இரு அரசர்களும் ஒரு எளிய ஆசீர்வாத வழிபாட்டோடு நிறுத்திக்கொண்டார்கள். அரசரை வைத்துக்கொள்வதா என்பதை மக்கள் முடிவு செய்தார்கள்; மகுடத்தை வைத்துக்கொள்வதா என்பதை மன்றம் முடிவு செய்தது.

எனவே பிரிட்டன் மூன்றாவது வழியைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதும், அபேயில் வழிபாடு வேண்டுமென்று அரசரும் திருச்சபையும் விரும்பினால் அதை இரண்டாவது வழியில் தங்கள் செலவில் வைத்துக்கொள்ளட்டும் என்பதும் என் முடிவு. இதைச் செய்யக் கால அவகாசம் உண்டு. ஆனால் அது ஒரு மரணச் செய்தி வரும் வரைதான். துக்க வாரத்தில் செலவைப் பற்றிப் பேசுபவரை அநாகரிகர் என்று வாயடைப்பது எளிது. 2022 செப்டம்பரில் அப்படித்தான் நடந்தது. உறுதிமொழியை முடிசூட்டின்போது பேராயர் முன்னிலையில் எடுக்க வேண்டும் என்கிற 1688-ஆம் ஆண்டின் முடிசூட்டு உறுதிமொழிச் சட்டத்தை, அதை நாடாளுமன்றத்தின் இரு அவைகளின் முன் எடுக்கலாம் என்று இப்போதே திருத்த வேண்டும். ஊர்வலமோ வேறு அரசுச் செலவோ இருக்குமானால், அதன் உச்சவரம்பை மக்களவை முன்கூட்டி வாக்களித்து நிர்ணயிக்கவும், மூன்று மாதத்துக்குள் கணக்கு வெளியிடவும் அதே திருத்தத்தில் இடம் வேண்டும்.